எடை போடும் நாள்

குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட பின்னர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவதையே மருத்துவப் பராமரிப்பு என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பழகிவிட்டோம். ஓடுவதற்குப் பேருந்துக் காசு வேண்டும். அன்றைய கூலியை இழக்கத் துணிவு வேண்டும். வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இவையெல்லாம் வாய்க்காத வீட்டில் குழந்தை நாளைக்கு, நாளை மறுநாளுக்கு என்று காத்திருக்கிறது. மேலும், மெலிந்து வரும் குழந்தைக்குக் காய்ச்சலும் இராது, வலியும் இராது. அதை எவரும் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை.

ஆதலால்தான், குழந்தை இருக்கும் ஊருக்கே ஒரு சிறு குழு தவறாது வந்து, அதை எடை போட்டு, உயரம் அளந்து, தடுப்பூசி இட்டு, குறை கண்டால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, அனுப்பிய பின் அது போய்ச் சேர்ந்ததா என்றும் விசாரிக்கும் ஏற்பாடு பல நாடுகளில் உருவாயிற்று. அத்தகைய குழு எவ்வாறு அமைகிறது, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, நம் பங்குகளுக்கு அதில் என்ன வேலை இருக்கிறது என்பவற்றை இம்மாதம் எண்ணிப் பார்ப்போம்.

திருப்பாச்சூரை எடுத்துக்கொள்வோம். திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில் உள்ள ஊர் இது. தேவாரப் பாடல் பெற்ற வாசீசுவரர் கோயிலால் நெடுங்காலமாக அறியப்பட்டது. இவ்வட்டாரத்தில் வயலும் உண்டு, செங்கற் சூளையும் உண்டு. கும்மிடிப்பூண்டி வரை பரந்து கிடக்கும் தொழிற்பேட்டைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வண்டிகள் விடியுமுன்பே சாலையில் ஓடத் தொடங்கிவிடுகின்றன. தாய் முதல் முறை வேலைக்குப் போனால் குழந்தை பாட்டியிடம் வளர்கிறது. பாட்டியும் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தால், பத்து வயது அக்காளின் இடுப்பில் வளர்கிறது. இத்தகைய ஊரில், காலை பத்து மணிக்குத் தாயை வரச்சொல்லி ஆலோசனை கூறும் திட்டம் ஏட்டில்தான் நடக்கும்.

இன்று இத்தகைய ஊரில் குழந்தைக்கென இருப்போர் யார்? முதலில் அங்கன்வாடிப் பணியாளர். மக்கள் வாயில் அவர் 'பால்வாடி டீச்சர்'. அவருக்குத் துணையாக 'ஆயா'. அடுத்து, ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் துணை சுகாதார நிலையத்தில் பணியாற்றும் கிராம சுகாதாரச் செவிலியர். இவரை ஊரார் 'நர்சம்மா' என்று அழைக்கின்றனர். இவர்களுக்கு மேலே, ஊர் ஊராகச் செல்லும் மருத்துவக் குழு ஒன்று உண்டு. 2013இல் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டு, ஆர்.பி.எஸ்.கே. என்ற சுருக்கப் பெயரால் வழங்கும் சிறார் நலத் திட்டத்தின் குழு இது. தேசிய விதிமுறைப்படி மருத்துவர் இருவர், செவிலியர் ஒருவர், மருந்தாளுநர் ஒருவர் இதில் இருக்க வேண்டும். அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதிப்பது இக்குழுவின் கடமை. பிளவுண்ட உதடு, வளைந்த பாதம், பிறவியிலேயே வரும் கண்புரை, இருதயக் கோளாறு, காது கேளாமை, இரத்தசோகை, வளர்ச்சித் தாமதம் எனத் தேசிய அளவில் 30 குறைகளைத் தேடிப் பார்க்கின்றனர்.

ஆக, ஆட்கள் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தமிழகத்தைப் பற்றிச் சொல்வது என்ன? மருத்துவமனைகளில் நிகழும் பிரசவம் ஏறத்தாழ நூற்றுக்கு நூறு. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இன்றிக் குன்றியிருக்கின்றனர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. பிறப்பைக் காப்பதில் நாம் வென்றுவிட்டோம். பிறந்த குழந்தை ஊருக்குத் திரும்பிய பின் வரும் முதல் ஆயிரம் நாள்களில்தான் பிடி நழுவுகிறது.

இங்கே ஒரு பழைய செய்தியை நினைவூட்டுவது பொருத்தமாகும். வீடு தேடி வரும் குழு நம் வட்டாரத்துக்குப் புதியதன்று. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி உண்மையில் பயன் தருகிறதா என்று கண்டறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 1968இல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. உலகில் அவ்வகையில் நடந்தவற்றுள் மிகப் பெரியது அது. நடந்த இடம் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதி. இருநூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களிலும் சில சிற்றூர் நகரங்களிலும் ஏறத்தாழ 3,60,000 மக்களை வீடு வீடாகச் சென்று பெயரெழுதினர். ஊசி போட்டனர். நெஞ்சுப் படம் எடுத்தனர். சளியைச் சோதித்தனர். பின்னர்ப் பல்லாண்டுகள் அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தனர். வளர்ந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்ற முடிவு உலகையே வியக்கச் செய்தது. சின்னஞ்சிறு குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயினின்று காப்பதால், பிறந்த குழந்தைக்கு அது இன்றும் போடப்படுகிறது.

அந்தக் குழுவினர் வந்தது ஆராய்ச்சிக்காக; பராமரிப்புக்காக அன்று. எனினும் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று அதில் இருக்கிறது. ஒரு வீட்டையும் விடாமல் எழுதப்பட்ட ஒரே பதிவேடு இல்லாதிருந்தால் அவர்களால் எதையும் கண்டறிந்திருக்க முடியாது. அந்தப் பதிவேடுதான் அக்குழுவின் உயிர். இன்று நம் ஊரில் பால்வாடி டீச்சர் கையில் ஒரு பட்டியல், நர்சம்மா கையில் வேறொரு பட்டியல், பள்ளித் தலைமையாசிரியர் கையில் மூன்றாவது பட்டியல். இவை தாளிலிருந்து கைப்பேசிச் செயலிக்கு மாறியிருக்கலாம். ஆனால் மூன்றும் ஒரே மேசையில் விரிக்கப்படும் நாள் மிக அரிது.

குழுவாகச் செயற்படுவதில் தமிழகம் ஒரு காலத்தில் உலகுக்கே முன்மாதிரியாக இருந்தது என்பதை இளைய தலைமுறை அறியாது. உலக வங்கியின் கடனுதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தையே குறிப்பிடுகிறோம். ஆறு மாவட்டங்களில் அது நடந்தது. நம் பழைய செங்கற்பட்டு மாவட்டமும் அவற்றுள் ஒன்று. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தை அறியாதார் இல்லை. ஆனால் அதற்கு ஈராண்டு முன்பே வந்த இத்திட்டத்தின் பெயரைக் கேட்டால் பலர் விழிப்பர். விழா எடுத்து விளம்பரம் செய்யக்கூடிய வகையில் அதில் ஒன்றும் இல்லாமற்போனது காரணமாகலாம்.

அத்திட்டத்தின் நடைமுறை மிக எளியது. ஏறத்தாழ 1,500 பேர் வாழும் இடத்துக்கு ஒரு சமூக ஊட்டச்சத்துப் பணியாளர். அவர் அவ்வூரிலேயே வசிக்கும் பெண்ணாக இருக்க வேண்டும். தேர்ந்தெடுத்தோர் ஒரு நுட்பமான அளவுகோலை வைத்தனர். ஏழையாயிருந்தும் தன் குழந்தையை நன்கு வளர்த்துக் காட்டிய தாய்க்கு முன்னுரிமை! ஊர்ப் பெண்கள் அவர் சொல்லை நம்புவதற்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறென்ன வேண்டும்? ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகள் அனைவரையும் அவர் மாதந்தோறும் எடை போட்டு அட்டையில் குறிப்பார். எடை ஏறிக்கொண்டே வந்தால் பாராட்டு. ஏறாமல் நின்றுவிட்டால், அந்தக் குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் சத்துணவு. தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த உருண்டை அது. ஊர்ப் பெண்கள் குழுவினரே பல இடங்களில் அதைச் செய்து கொடுத்தனர். எடை தேறிய பின் உணவு நிறுத்தப்படும். எடை போடுவது மட்டும் தொடரும்.

இதன் நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். குழந்தை எலும்புந்தோலுமாக ஆன பின் உணவளிப்பது தருமம். எடை நின்றுவிட்ட முதல் மாதத்திலேயே அதைக் கண்டுகொள்வது பராமரிப்பு. எல்லாருக்கும் எப்போதும் உணவளித்தால் பணம் கரையும். தேவைப்படும் குழந்தைக்குத் தேவைப்படும் காலத்தில் மட்டும் அளித்தால் பணமும் நிற்கும், தாயும் தன் அடுப்பில் என்ன மாற்றம் செய்யவேண்டும் என்று கற்றுக்கொள்வாள். பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். அவர் அதிகாரியாக வந்து கையெழுத்தைச் சரிபார்த்துப் போகவில்லை. உடன் அமர்ந்து எடை போடக் கற்றுக்கொடுத்தார். அத்திட்டம் நடந்த இடங்களில் கடுமையான ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்தது என்று பின்னர் வந்த ஆய்வுகள் ஒப்புக்கொண்டன.

குறைகளும் இருந்தன. ஊட்டச்சத்துப் பணியாளர் ஒரு துறையில், நர்சம்மா மற்றொரு துறையில். எடை குறைந்த குழந்தைக்கு வயிற்றில் புழுவா, காசநோயா என்று பார்க்க வேண்டியவர் வந்து சேருவதற்குள் மாதங்கள் சென்றன. உணவும் மருத்துவமும் ஒரே குழந்தையிடத்தில் சந்திப்பதே கடினமான காரியமாயிருந்தது. இன்றும் அது அப்படியேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. 1989இல் முதற்கட்டம் முடிந்தது. 1990 முதல் 1997 வரை இரண்டாம் கட்டம் நடந்தது. வங்கிக் கடன் ஓய்ந்த பின், அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தோடு எல்லாம் ஒன்றாயின. பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்ற அந்த நெருக்கமான ஏற்பாடு அதோடு தளர்ந்தது.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம். திருச்சபைக் குடும்பத்தில் பணத்தைப் பற்றிப் பேசுவது நாகரிகமன்று என்று கருதுவோர் உண்டு. குழந்தையின் தட்டில் விழும் பருப்புக்கும் விலை உண்டு அல்லவா?

மைய அரசின் ஊட்டச்சத்துத் திட்டத்தில் ஒரு குழந்தையின் துணை உணவுக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய் என்றும், கடுமையாக மெலிந்த குழந்தைக்கு 12 ரூபாய் என்றும் 2017இல் வரையறுத்தனர். அங்கன்வாடிப் பணியாளரின் மதிப்பூதியம் மையத் திட்டக் கணக்கில் 2018 அக்டோபர் முதல் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். அதற்குமேல் மாநில அரசுகள் தத்தம் பங்கைச் சேர்த்துத் தருகின்றன. மருத்துவக் குழுக்களின் செலவை மையமும் மாநிலமும் நூற்றுக்கு 60, நூற்றுக்கு 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. இவையெல்லாம் பெரிய கணக்குகள். நாம் கவனிக்க விரும்புவது சிறிய கணக்கை.

ஒரு குழந்தையின் இருதயத்தில் ஓசை மாறுபடுகிறது என்று நடமாடும் குழு கண்டுபிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் அறுவை சிகிச்சை செய்தால் இலட்சக்கணக்கில் செலவாகும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது. குழு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறது. அந்தச் சீட்டோடு தாய் வீட்டுக்குப் போகிறாள். அடுத்த வாரம் போகலாம் என்கிறாள். போனால் ஒரு நாள் கூலி போயிற்று. ஒரு நாளில் முடியுமா என்றால், முடியாது; படம் எடுக்க ஒரு நாள், முடிவு கேட்க ஒரு நாள், காப்பீட்டு அட்டையில் பெயர்ப் பிழை திருத்த ஒரு நாள். எந்த வாயிலில் நுழைவது, எந்தச் சாளரத்தில் நிற்பது என்றும் தெரியாது. மாமியார் "குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது" என்கிறார். சீட்டு சுவரொட்டிய நாட்காட்டிக்குப் பின்னால் போய்விடுகிறது. இலட்ச ரூபாய்க்கு நாடு ஏற்பாடு செய்துவிட்டது. பேருந்துக் காசுக்கும் இரண்டு நாள் கூலிக்கும் உடன் வர ஒரு துணைக்கும் ஏற்பாடு இல்லாமல், அந்த இலட்சம் பயனற்று நிற்கிறது.

நம் வட்டாரத்தில் ஆலைகளுக்குக் குறைவில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட வருவாயோ இலாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூக நலத்துக்குச் செலவிடக் கடமைப்பட்டுள்ளன. தம் ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தருமாறும் சட்டம் சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்பணம் பெரும்பாலும் வகுப்பறையாகவும் கழிப்பறையாகவும் குடிநீர் எந்திரமாகவும் மாறி, பெயர்ப்பலகையோடு நிற்கும். தொடர் திட்டம் என்று எடுத்துக்கொண்டாலும், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. குழந்தையின் வளர்ச்சியோ முதல் ஐந்தாண்டுக் காரியம். மேலும், 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டத் திருத்தம் விதித்தது. தாய் வேலை செய்யும் இடத்திலேயே குழந்தையை எடை போட்டுவிடலாமே! ஆலை நிருவாகத்தில் பொறுப்பு வகிக்கும் நம் பங்கு மக்கள் சிலரேனும் இதை எடுத்துச் சொல்லக் கூடும்.

திருச்சபையின் பங்கு இத்துறையில் எளியதன்று. 1936 வரை, துறவு வார்த்தைப்பாடு கொடுத்த அருட்சகோதரிகள் பேறுகால மருத்துவம் பார்ப்பதற்குத் திருச்சபைச் சட்டத்தில் இடமில்லாதிருந்தது. அவ்வாண்டு உரோமையிலிருந்து வந்த அறிவுரைதான் அந்தத் தடையை நீக்கிற்று. அன்னா டெங்கல் அம்மையார் தொடங்கிய மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபை அதற்காக நெடுநாள் காத்திருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவரான மேரி கிளௌரி அம்மையாரோ 1920இலேயே சிறப்பு அனுமதியின் பேரில் குண்டூர் வந்து, துறவியாகவும் மருத்துவராகவும் பணியாற்றி, 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தோற்றுவித்தார். இன்று அது இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கம். பிற சபையாரின் பணியையும் மறத்தலாகாது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஆரோலே தம்பதியர் 1970இல் மகாராட்டிரத்தின் ஜாம்கேடில், எழுத்தறியாக் கிராமப் பெண்களையே சுகாதாரப் பணியாளராக்கினர். 1978இல் அல்மா அட்டாவில் கூடிய உலக மாநாடு 'அனைவருக்கும் நலவாழ்வு' என்று அறிவித்தபோது, அதற்கு வழிகாட்டிய முயற்சிகளுள் ஜாம்கேடும் ஒன்று. அதே மாநிலத்தின் கட்சிரோலியில் மருத்துவர்களான பங் தம்பதியர், கிராமப் பெண்கள் வீடு தேடிச் சென்று பச்சிளங்குழந்தையைப் பார்த்துக்கொள்வதால் அவ்வயதுச் சாவு மூன்றாண்டுகளில் பாதிக்கும் மேல் குறைந்தது என 1999இல் நிலைநாட்டினர்.

நம் பங்குகளில் அறுபதுகளில் பால்பவுடரும் கோதுமையும் வரிசையில் நின்று வாங்கிய நினைவு மூத்தோர் பலருக்கு இருக்கும். அந்தக் காலம் போய்விட்டது, திரும்ப வேண்டியதுமில்லை. வெளிநாட்டு நன்கொடையை நம்பி நடந்த சிற்றூர் மருந்தகங்களின் காலமும் ஓய்ந்து வருகிறது. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டு, நிருவாகச் செலவுக்கான வரம்பு நூற்றுக்கு 50இலிருந்து 20ஆகக் குறைக்கப்பட்டது. பெற்ற நிதியை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுப்பதும் தடுக்கப்பட்டது. இனி நம் ஊர்க் குழந்தைக்கு நம் ஊர்ப் பணந்தான்.

அதை எப்படிச் செலவிடுவது? திருவிழாவை ஒட்டி இலவச மருத்துவ முகாம் நடத்தும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. ஒரு ஞாயிறு காலை, பந்தல், பதாகை, பத்து மருத்துவர், நானூறு பேர். சத்துமருந்துப் புட்டிகள் வழங்கப்படுகின்றன. திங்கட்கிழமை பந்தல் பிரிக்கப்படுகிறது. நல்லெண்ணத்தை நாம் குறை கூறவில்லை. ஆயினும் குழந்தையின் எடையை ஒரு முறை பார்த்தால் ஒன்றும் தெரியாது. சென்ற மாத எடையோடு ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. ஒரு முகாமுக்கு ஆகும் செலவைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பகிர்ந்தால், ஒரு பங்கின் குழந்தைகளுக்கு வேண்டிய அத்தனை மருத்துவமனைப் பயணங்களுக்கும் அது போதும் என்றே நினைக்கிறோம்.

இதற்கு வேண்டிய அமைப்பை நாம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. புனித வின்சென்ட் தே பவுல் சபை 1833இல் பாரீசில் தொடங்கிய நாள் முதல் செய்து வருவது என்ன? இருவர் இருவராக வீடு சந்திப்பது. கூட்ட முடிவில் எவர் எவ்வளவு இட்டார் என்று தெரியாதபடி பை சுற்றி வருவது. இதே முறைதான் குழந்தைப் பராமரிப்புக்கும் தேவை. தனியே இன்னொரு மருந்தகம் வைக்க வேண்டாம். அரசின் குழுவுக்குப் போட்டியாக எதையும் தொடங்க வேண்டாம். நர்சம்மாவும் பால்வாடி டீச்சரும் சீட்டு எழுதிக் கொடுத்த குழந்தை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதும், போகாவிட்டால் உடன் அழைத்துச் செல்வதும், வழிச்செலவைக் கொடுப்பதும் அன்பியங்களின் வேலையாகட்டும். தராசு பழுதாகி மூன்று மாதமாகிறது என்று தெரிந்தால், அதைச் செப்பனிடும் செலவு ஒரு மாலை மின்விளக்கு அலங்காரத்துக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. எடை போடும் நாளில் மழை வந்தால் ஆலயக் கூடத்தைத் திறந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குச் செல்லாத தாய்மார் வரும் நேரத்தை நர்சம்மாவுக்கு முன்னரே சொல்லிவைக்கலாம்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். எந்தக் குழந்தை மெலிந்திருக்கிறது என்பதைத் திருப்பலியில் அறிவிப்பாக வாசிக்கலாகாது. தாய் அவமானப்பட்டால் அடுத்த மாதம் தராசுப் பக்கமே வரமாட்டாள். மருந்து எதையும் நாமாகக் கொடுக்கலாகாது. வீடு சந்திப்போர் எப்போதும் இருவராகவே செல்ல வேண்டும். எந்த மதத்தார் வீடு என்ற கேள்விக்கு இதில் இடமே இல்லை.

நம் பள்ளிகள் இதில் செய்யக்கூடியது மிகுதி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டபோது, 2024 ஜூலை 15 அன்று அது தொடங்கி வைக்கப்பட்ட இடம் நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியின் புனித அன்னாள் தொடக்கப்பள்ளி. உணவு வந்துவிட்டது. அந்த உணவை உண்ணும் பிள்ளையின் எடையும் உயரமும் இரத்தத்தின் நிலையும் ஏட்டில் ஏறுகின்றனவா, நடமாடும் குழு சென்ற முறை அனுப்பிய பிள்ளைகள் திரும்பி வந்து பதில் சொன்னார்களா என்பதைத் தலைமையாசிரியரான அருட்சகோதரியர் கேட்டறிவது வெகு எளிது.

எந்தப் பட்டியலிலும் இல்லாத குழந்தைகளைப் பற்றி இறுதியாகச் சொல்ல வேண்டும். தைப்பொங்கலுக்கு முன்னும் பின்னுமாக ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக நம் மாவட்டத்துச் செங்கற் சூளைகளுக்கு வருகின்றனர். கோடை முடிந்து மழை தொடங்கும் வரை சூளையருகே தாழ்ந்த குடிசைகளில் வாழ்கின்றனர். தாயும் தகப்பனும் மண் குழைத்துக் கல் அறுக்க, குழந்தை அந்த மண்ணிலேயே கிடக்கிறது. அக்குழந்தை ஒடிசாவின் அங்கன்வாடி ஏட்டில் 'வெளியூர் சென்றது' என்று இருக்கும். நம் ஏட்டில் இல்லவே இல்லை. கருவுற்றபோது நம் ஊரில் பதிந்த தாய்க்குப் பிக்மி எண் இருக்கும். இந்தத் தாய்க்கு அதுவும் இராது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அண்டி வாழும் வடமாநிலத் தொழிலாளரின் குழந்தைகள், ஏரிக்கரை இருளர் குடியிருப்புக் குழந்தைகள் ஆகியோரின் நிலையும் பெரிதும் வேறன்று. அங்கன்வாடிப் பணி எல்லாக் குழந்தைக்கும் கிட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. இன்ன ஊர்க் குழந்தை என்ற வேறுபாட்டுக்கு அதில் இடமில்லை. ஆனால் சூளைக்குள் ஒரு குழந்தை இருக்கிறது என்று டீச்சரிடம் சொல்வதற்கு ஒருவர் வேண்டும். செங்கல் ஏற்றச் செல்லும் லாரி ஓட்டுநரும், சூளைக்குப் பால் ஊற்றும் பெண்ணும், சூளை உரிமையாளரும் நம் பங்கிலேயே இருக்கலாம். அவர்கள் குழந்தைகளை எண்ணிச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எழுதி வைத்துக்கொள்ள ஒரு செய்தி. கிராமந்தோறும் சுகாதாரம், தூய்மை, ஊட்டச்சத்துக்கென ஒரு குழு உண்டு. தேசிய நலவாழ்வுத் திட்டத்தின்கீழ் அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை கட்டுப்பாடில்லா நிதியாக ஒதுக்கப்படுகிறது. தராசு பழுது பார்த்தல், அவசர வண்டிச் செலவு போன்ற சிறு தேவைகளுக்கே அது. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, மே முதல் நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் முதல் நாள் ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. அப்பணத்தின் கணக்கை அங்கே கேட்கும் உரிமை ஊரில் வாக்குரிமை உள்ள ஒவ்வொருவருக்கும் உண்டு. போகும்போது, சீட்டு எழுதிக் கொடுத்தும் மருத்துவமனைக்குப் போகாத குழந்தைகள் எத்தனை பேர் என்ற எண்ணை நர்சம்மாவிடம் கேட்டுக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.